வாவியில் ஒரு நாள்: மீன் பிடிப்பதும் மீனைக் காப்பதும்

(மட்டக்களப்பில் மீனவர் சங்கத்தினரும் விவசாயிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீன்பிடிப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். நான் பேசப்போவது நம்முடைய வாவியில், நம்முடைய மீனவர் ஒருவருக்குக் கழியும் ஒரு நாளைப் பற்றி. விடியற்காலை வலை எடுப்பதில் தொடங்கி, இரவு துடுப்பைக் காதில் வைத்துக் கேட்பது வரைக்கும் அந்த நாளைத் தொடர்ந்து போவோம். போகும் வழியெல்லாம் ஒரு கருத்தைச் சொல்லிக்கொண்டே போவேன். நம் வாவி தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் நீர். கடலும் ஆறும் வந்து சேரும் வழி திறந்திருக்க வேண்டும், கரையில் கண்டல் நிற்க வேண்டும், வலையின் கண் அளவோடு இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நாம் காத்தால் மீன் நம்மைக் காக்கும்.

முதலில் இடத்தை மனதில் வைத்துக்கொள்வோம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது நம் வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நிற்கும் மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. கடலோடு கலக்கும் இடம் இரண்டு: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கத்து முகத்துவாரம். மேற்கிலிருந்து முந்தனையாறும், நவகிரி, பட்டிப்பளை ஆறுகளின் வடிநீரும் வந்து விழுகின்றன. இத்தனை பெரிய நீர்ப்பரப்புக்குப் பெரும்பாலான இடங்களில் ஓராள் ஆழம்தான். வெயில் அடிவரை இறங்குகிறது. புல்லும் பாசியும் அடியிலே முளைக்கின்றன. குஞ்சு மீனுக்கு இரையும் ஒளிவிடமும் அங்கேயே கிடைக்கின்றன. ஆழம் குறைவு என்பதுதான் இந்த வாவியின் செல்வம்.

இனி நாள் தொடங்கட்டும். கிழக்கு வெளுக்குமுன் ஒருவர் தோணியை அவிழ்க்கிறார். முதல் நாள் மாலை அவர் நீரிலே கட்டிவைத்த வலையை இப்போது எடுக்க வேண்டும். மேலே மிதவை, கீழே ஈயம், நடுவில் நீருக்குள் நின்ற சுவர்போல வலை. மணலை வரும், திரளி வரும், ஓரா வரும், அதிட்டம் இருந்தால் கொடுவா வரும். தலையை நுழைத்த மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றித் தோணிக்குள் போடுகிறார். நண்டு சிக்கினால் வலையும் கிழியும், விரலும் கிழியும்; அதற்கும் பொறுமை வேண்டும். முதலை உள்ள பகுதி என்றால் கையை நீருக்குள் விடுமுன் ஒருமுறை சுற்றிப் பார்க்கவும் வேண்டும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வலை தனக்குரிய மீனைத் தானே தெரிந்தெடுக்கிறது. கண்ணைவிடச் சிறிய மீன் தாண்டிப் போய்விடும். மிகப் பெரியதன் தலை நுழையாது. ஆகவே வலையின் கண் எவ்வளவு என்பதிலேயே அடுத்த ஆண்டு வாவியில் மீன் எவ்வளவு என்பது அடங்கியிருக்கிறது. சின்னக் கண் வலை இன்று கூடையை நிரப்பும். அப்படி நிரம்பும் கூடையில் கிடப்பது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீன்.

தங்கூசி என்னும் ஒற்றையிழை வலையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது விலை குறைவு, நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, பிடிபாடு கூடுதல். ஆனால் அறுந்து அடியில் தங்கிவிட்டால் மட்காது. யாரும் எடுக்க வராத வலை மீனையும் நண்டையும் பிடித்துக் கொன்றுகொண்டே கிடக்கும். இலங்கையில் மீன்பிடியை நெறிப்படுத்துவது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல்வளச் சட்டம். அதன் கீழ் 2006 இல் தங்கூசி வலை தடை செய்யப்பட்டது. சட்டம் சரியானது. அதோடு, தங்கூசியைக் கைவிடும் மீனவருக்கு நல்ல நைலோன் நூல்வலை வாங்க வழிசெய்து கொடுப்பதும் சரியானது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். ஏழை வீட்டு வலையைத் தீயிட்டுக் கொளுத்துவதால் மட்டும் வாவி தேறாது.

வெயில் ஏறுகிறது. இனி வீச்சு வலை. இடுப்பளவு நீரில் ஒருவர் நிற்கிறார். வலையின் ஒரு பகுதி முழங்கையில், ஒரு பகுதி தோளில், விளிம்பின் ஒரு முனை பல்லில். பக்கத்திலே அவருடைய மருமகன், பழகிக்கொள்ள வந்த பையன், அவசரப்படுகிறான்.

“எறிவமா மாமா?”

“பொறு மனே. இன்னும் கிட்ட வரட்டும்.”

அந்தப் ‘பொறு’ என்ற சொல்லுக்குள் ஒரு கல்வியே இருக்கிறது. மணலைக் கூட்டம் சேற்றின் மேற்படிவை மேய்ந்துகொண்டு வரும்போது நீர்முகத்தில் சிறு சுருக்கம் விழும். காற்றால் விழும் சுருக்கம் ஒரே பக்கமாக ஓடும். மீனால் விழும் சுருக்கம் நின்று திரும்பும். அந்த வேறுபாட்டை அவர் கண் அறியும். தன் நிழல் மீன்மேல் விழாமல் வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்பார். காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் நகர்த்துவார். வலை வட்டமாக விரிந்து, சுற்றிலும் உள்ள ஈயக் குண்டுகள் ஒரே நேரத்தில் நீரைத் தொட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கத்தால் கூட்டம் போய்விடும். இந்த அறிவு எந்த நூலிலும் எழுதி வைக்கப்படவில்லை. மாமனிடமிருந்து மருமகனுக்கு, தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைவழி வந்தது. அந்தப் பையன் வேறு தொழிலுக்குப் போகலாம், போகட்டும், படிக்கட்டும். ஆனால் அவன் மாமாவின் அறிவு அவரோடு மறைந்துவிடக் கூடாது என்பது என் ஆசை.

இதே நேரத்தில் கரையோரம் முழங்கால் ஆழத்தில் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். இடுப்பில் பறி கட்டியிருக்கிறார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். சிலர் அத்தாங்கு வைத்திருக்கிறார்கள். கை பட்டதும் பின்னுக்குத் துள்ளும் இறாலைத் துள்ளுமுன் அமுக்க வேண்டும். முள் குத்தும், கெளிறு கொட்டும், உப்பு நீரில் புண் ஆறாது. போரிலே கணவனை இழந்தபின் இந்த இறாலைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். மீனவர் என்று சொல்லும்போது தோணியில் நிற்கும் ஆணை மட்டும் நினைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். மீனவர் சங்கத்தின் உறுப்புரிமைப் பட்டியலிலும் உதவித் திட்டங்களிலும் இந்தப் பெண்களின் பெயர் இருக்க வேண்டும். இன்று இந்த மேடையிலிருந்து நான் உரத்துக் கேட்கும் கோரிக்கைகளில் இது ஒன்று.

அவர்கள் கையில் அகப்படும் அந்த இறால் எங்கே பிறந்தது? வாவியில் அல்ல. தாய் இறால் கடலிலே முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு சில வாரங்கள் கடலில் மிதந்து உருமாறி, நூலிழையளவு இருக்கும்போது முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. கண்டல் வேருக்கும் அடிப்புல்லுக்கும் இடையில் சில மாதங்கள் வளர்கிறது. வளர்ந்தபின், அமாவாசை, பௌர்ணமி இரவுகளில் வெளியேறும் நீரோடு மறுபடியும் கடலுக்குப் போகிறது. மணலைக்கும் ஏறத்தாழ இதே கதைதான். கண்டலடி வளையில் வாழும் பெரிய நண்டும் முட்டை விடுவதற்குக் கடலைத் தேடிப் போகிறது. நம் சந்தையில் கூறு போட்டு விற்கும் மீனில் ஒரு பெரும் பங்கு, கடலில் பிறந்து இந்த வாவியில் வளர்ந்த உயிர்.

கொடுவாவின் வாழ்க்கை இன்னும் வியப்பானது. பிற்பகலில் பாலத்தூண் அடியிலும் கண்டல் ஓரத்திலும் உயிர் இறாலைத் தூண்டிலில் கோத்துக் காத்திருப்பவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். நீர் ஓடும்போது தூணின் மறைவில் ஒதுங்கி நிற்கும். ஓட்டம் திரும்பும் நேரத்தில் இரை தேடும். அது கவ்வினால் நீர்முகத்தில் ஒரு வெடிச்சத்தம். கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே நாம் கண்டு மகிழும் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய் மீன்கள். ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் முட்டையிட வல்லது. எல்லாக் கொடுவாவையும் இளமையிலேயே பிடித்தால் பெண்ணாக மாற ஒன்றும் மிஞ்சாது. பெரியவற்றை எல்லாம் பிடித்தால் முட்டையிடத் தாய் இராது. இரண்டுக்கும் இடையில் அளவு அறிந்து பிடிப்பவரே நல்ல மீனவர்.

மலையிலே நடந்த ஒரு கதையையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1880களில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் தங்கள் நாட்டு டிரவுட் மீனை வளர்க்க விரும்பினார்கள். முட்டையைக் குளிரூட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1896 இல் சிலோன் பிஷிங் கிளப் என்ற சங்கத்தையே அமைத்து, குஞ்சு பொரிக்கவைத்து ஓடைகளில் விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் டிரவுட் உண்டு. 1900களின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சியிலும் இதேபோல் ஒரு குஞ்சுப் பண்ணை எழுந்தது. ஒரு நாள் ஓடைக்கரையில் தூண்டில் போட்டு மகிழ்வதற்கு அத்தனை முயற்சி, அத்தனை பணம், அத்தனை ஒழுங்கு. எந்த மாதம் பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழ் இருந்தால் திருப்பி விட வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்து அதன்படி நடந்தார்கள்.

நமக்கு அந்தச் செலவே இல்லை. கடல் நமக்குக் குஞ்சு அனுப்புகிறது, ஆறு உரம் அனுப்புகிறது, கண்டல் பிள்ளை வளர்க்கிறது. வாவியில் இறால் குஞ்சு விடும் அரச முயற்சிகளும் நடக்கின்றன, அவை வரவேற்கத்தக்கவை. ஆனாலும் முகத்துவாரம் ஒரு பருவம் சரியாகத் திறந்தால் உள்ளே வரும் குஞ்சுக்கு எந்தப் பண்ணையும் ஈடாகாது. அந்த மலைக்காரரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு: அது அவர்கள் வைத்த ஒழுங்கு. பணம் கொடுத்து வாங்கிய மீனுக்கு அவ்வளவு விதி வைத்தார்கள் என்றால், இயற்கை இலவசமாகத் தந்த மீனுக்கு நாம் அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும்.

முகத்துவாரம் என்றதும் இந்த அவையில் இருக்கும் விவசாயிகளின் முகத்தையும் பார்க்கிறேன். வெயில் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை கொட்டுகிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்கள் நிரம்பி வழிகின்றன. வாவி ஏறுகிறது, படுவான்கரையில் பெரும்போக வயல் நீருக்குள் போகிறது. உடனே முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்கிறார் விவசாயி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது; பயிர் பல நாள் மூழ்கினால் அழுகும். அவசரப்பட்டு வெட்டாதீர்கள் என்கிறார் மீனவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போதிய நீர் சேருமுன் வெட்டினால் ஓட்டத்துக்கு வேகம் இராது, அலை மறுபடியும் மணலைக் குவித்து மூடிவிடும், வாவியும் வற்றிப்போகும். நாள் கடந்து வெட்டினாலோ வாவி நெடுநாள் நன்னீராகக் கிடந்து ஆற்றுவாழை படர்ந்து, தோணி போக வழியில்லாமல் ஆகும். கடல்நீர் உள்ளே வந்தால்தான் ஆற்றுவாழை கருகும்.

வயலும் வாவியும் ஒரே வீட்டின் இரண்டு அடுப்பு. ஒன்றை அணைத்து மற்றதில் சமைக்க முடியாது. எனவே எப்போது வெட்டுவது என்பதை வெள்ளம் வந்த பிறகு கூச்சலோடு தீர்மானிக்காமல், மழைக்கு முன்பே விவசாயிகளும் மீனவர்களும் நீர்ப்பாசன, கடற்றொழில் அதிகாரிகளும் ஒரே மேசையில் இருந்து பேசி முடிவெடுக்க வேண்டும். நீர்மட்டம் எந்த அளவு ஏறினால் வெட்டுவது, எந்த இடத்தில் வெட்டுவது என்று எழுதிவைக்க வேண்டும். நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் நாள்தோறும் குறித்துவைக்கும் வேலையைக் கரையோரப் பாடசாலை மாணவர்களே செய்யலாம். அளவுகோலும் ஒரு கொப்பியும் போதும்.

பொழுது சாய்கிறது. மாலைக் கறிக்கு எடுத்துவைத்த மணலை வீட்டில் ஆணமாகிறது. மீனவர் வலையை உதறிக் காயவிட்டு, கிழிந்த கண்களைக் கோத்து, மறுபடியும் வாவியில் கட்டப் போகிறார். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்குமான காலம் என்றால், நிலவு நிறைந்த அமைதியான இரவு என்றால், கல்லடிப் பாலத்தருகே துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து, வாவியடியில் எழும் இசையைக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1848 இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த இசையைக் கேட்டு, அது அடியிலுள்ள ஊரி நத்தையிலிருந்து வருவதாகக் கருதி எழுதினார். 1950களில் லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் இந்த வாவியின் இசைக்கு இடம் கொடுத்தார். ஊரி பாடுகிறதா, மீன் பாடுகிறதா என்று அறிஞர்கள் தொடர்ந்து ஆராயட்டும். கேட்பதற்குத் தேவையானவை இரண்டு: உயிருள்ள நீர், ஓசை அடங்கிய கரை. அந்த இரண்டும் நம் பொறுப்பு.

இந்த இரவும் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். போர்க்காலத்தில் இருட்டில் தோணி ஓட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் நாட்டு எல்லையே போட்டதுபோல் இருந்தது. 1987 ஜனவரி 28 அன்று கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் ஊரவர்களும் கொல்லப்பட்டார்கள். இறாலை நம்பி வேலைக்குப் போன பிள்ளைகள் அவர்கள். பாதுகாப்புக்கென்று கரையோரக் கண்டல் வெட்டப்பட்டது. 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, இரண்டும் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டன. ஆழிப்பேரலையில் நாவலடி பட்ட துயரம் நம் எல்லோருக்கும் தெரியும். இத்தனைக்குப் பிறகும் முகத்துவாரம் திறந்ததும் குஞ்சு வந்தது, வலைக்கு மீன் வந்தது. நம்மைக் கைவிடாத வாவியை இன்று சமாதான காலத்தில் நாமே குப்பையாலும் கழிவுநீராலும் மண் நிரப்பலாலும் கொன்றுவிடக் கூடாது.

கண்டலைப் பற்றி ஒரு சொல். கண்டலும் கண்ணாவும் தில்லையும் நிற்கும் கரையில் அலை அரிக்காது, சேறு தங்கும், குஞ்சு ஒளியும், கொக்கு கூடு கட்டும். கரையை மண் போட்டு நிரப்பி வீடும் விடுதியும் கட்டும்போது காணி கொஞ்சம் கூடலாம். ஆனால் ஒரு பேர்ச்சஸ் சதுப்பை நிரப்பும்போது எத்தனையோ இறாலின் தொட்டிலையும் சேர்த்தே மூடுகிறோம். நட்ட கன்றைப் படம் எடுத்துக்கொண்டு போவது எளிது; ஐந்தாண்டு மாடு கடிக்காமல், யாரும் வெட்டாமல் காப்பது கடினம். அந்தக் காவலைக் கரையோர ஊர்களிடமே ஒப்படையுங்கள், அதற்கு ஊதியமும் கொடுங்கள்.

பெரியோரே, நிறைவாக மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மீனவர் சங்கங்களே, தங்கூசியையும் சின்னக் கண் வலையையும் கைவிடும் தீர்மானத்தை நீங்களே எடுங்கள்; காவலர் வந்து பறிப்பதைவிட, சங்கம் கூடி முடிவெடுப்பதில் மரியாதை உண்டு. முட்டை சுமந்த நண்டு கையில் வந்தால் அதை வாவிக்கே திருப்பிக் கொடுங்கள். அதிகாரிகளே, முகத்துவாரத்தை வெட்டும் முடிவில் மீனவருக்கும், இறால் தடவும் பெண்களுக்கும் இடம் கொடுங்கள். 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களே, ஒரு கொப்பியோடு வாருங்கள். வலை கட்டும் மாலையிலிருந்து அதை எடுக்கும் காலை வரை ஒரு மீனவருடன் தோணியில் இருங்கள். எந்த மாதத்தில் எந்த மீன் எந்தப் பக்கம் போகும், எந்தக் காற்றுக்கு இறால் எழும், எந்த நீர்நிறத்துக்கு வலை போடக் கூடாது என்று அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அவர் பெயரை முதலில் எழுதுங்கள், ஆசிரியர் அவர்தான்.

வாவியைக் காப்பது வாவியோரத்தவரின் வேலை மட்டும் அல்ல. அதன் மீனை உண்ணும் ஒவ்வொரு வீட்டின் வேலை. சந்தையில் விரல் நீளக் கொடுவாவைக் கூறு போட்டிருந்தால் வாங்காமல் வாருங்கள். அதைப் பார்த்து மறுநாள் வியாபாரி அந்த அளவை எடுக்க மாட்டார், அடுத்த வாரம் மீனவர் அந்தக் கண்ணில் வலை கோக்க மாட்டார். இந்தச் சின்னக் காரியத்தை நாளைக் காலைச் சந்தையிலேயே தொடங்கலாம். தொடங்குவோம்.